ஆண்ட்ராய்டா, ஐபோனா? நான்காவது வருடத்தை நினைத்துப் பார்த்து வாங்குங்கள்

புது போன் வாங்கப் போகிறவர்கள் கேமரா, பேட்டரி, கலர் எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள், ஆண்ட்ராய்டா ஐபோனா என்ற இடத்தில் மட்டும் நின்றுவிடுவார்கள். நான்கு பேரிடம் கேட்டுப் பார்த்தால் நான்கு பேரும் அவரவர் கையில் இருப்பதையே சொல்வார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு போனோடு ஐந்து வருடம் பழகியவருக்கு அதன் குறை கண்ணில் படாது, அடுத்த போனின் குறை எடுத்த நிமிடத்திலேயே உறுத்தும்.

எங்கள் பெரியம்மா எட்டு வருடமாக ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர். மகன் ஆசையாக ஒரு ஐபோன் வாங்கிக் கொடுத்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, "பின்னாடி போறது எங்கே?" ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பில் இருந்தாலும் பின்னால் போக ஒரே வழிதான். ஐபோனில் சில திரைகளில் இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், சிலவற்றில் மேல் மூலையில் இருக்கும் வார்த்தையைத் தொட வேண்டும், சிலவற்றைக் கீழே இழுத்து மூட வேண்டும். பாவம், ஒவ்வொரு முறையும் ஆப்பை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறந்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வீட்டில், சின்ன வயதிலிருந்து ஐபோன் மட்டுமே பார்த்து வளர்ந்த பேத்தியிடம் ஆண்ட்ராய்டைக் கொடுத்தால் அவளும் அதையேதான் சொல்கிறாள், குழப்பமாக இருக்கிறதாம்.

ஆக, "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பதில் பாதி பழக்கம். பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதை மாற்ற நிஜமாகவே நேரமும் பொறுமையும் செலவாகும். அந்தச் செலவைத் தனியாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, மற்றதை அதற்கு வெளியே வைத்து ஒப்பிட்டால்தான் குழப்பம் தீரும். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். முதல் வாரத்தில் எல்லா போனும் நன்றாகத்தான் இருக்கும். நான்காவது வருடத்தில் அது எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆனால் ரொம்ப முக்கியமான அளவுகோல் இது. போனில் ஏதாவது சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவர் கையிலும் அதே வகை போன் இருந்தால் "செட்டிங்ஸ் போ, மேலே உன் பேரைத் தொடு" என்று அவரால் சொல்ல முடியும். இல்லையென்றால் இருவரும் சேர்ந்து தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, போனுக்குள் எவ்வளவு தூரம் கை வைக்க விரும்புகிறீர்கள். நான்காவது, உங்கள் தகவல் யாரிடம் போகிறது. ஐந்தாவது, பின்னால் ஒருநாள் வெளியேற நினைத்தால் எவ்வளவு இழப்பீர்கள்.

இந்த ஐந்தும் எல்லோருக்கும் ஒரே எடை கிடையாது. உங்களுக்கு எது கனமானது என்று யோசித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## ஐபோன்

முதல் ஐபோன் 2007-ல் விற்பனைக்கு வந்தபோது அதில் வெளியார் எழுதிய ஆப்பை நிறுவவே முடியாது. 2008 ஜூலையில்தான் ஆப் ஸ்டோர் திறந்தது, 500 ஆப்களோடு. அன்றிலிருந்து இன்றுவரை ஆப்பிளின் போக்கு அப்படியே இருக்கிறது: போனையும் நாங்களே செய்வோம், மென்பொருளையும் நாங்களே எழுதுவோம், உள்ளே எது வரலாம் என்பதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம். ஐபோனைப் பிடித்தவர்களுக்கு அது பிடிக்கக் காரணமும் இதுதான், பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காமல் போகக் காரணமும் இதுதான்.

இதன் நல்ல பக்கம் அப்டேட்டில் தெரியும். புதிய பதிப்பு வெளியாகிற அன்றைக்கே, தகுதியுள்ள எல்லா மாடலுக்கும் அது கிடைத்துவிடும், நடுவில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். 2015-ல் வந்த ஐபோன் 6எஸ், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 9-வது பதிப்பில் தொடங்கி 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 வரை பார்த்தது. 2018-ன் எக்ஸ்எஸ், 2024-ல் வந்த ஐஓஎஸ் 18 வரை. பெரிய பதிப்புகள் நின்ற பிறகும் 6எஸ்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. பழைய ஐபோன் கைமாறும்போது நல்ல விலை போவதற்கு இது பெரிய காரணம்.

தகவல் விஷயத்தில், 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-லிருந்து, உங்களை வேறு ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர நினைக்கிற ஆப் முதலில் உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். நல்ல ஏற்பாடு. அதற்காக ஐபோனுக்குள் விளம்பரப் பணமே நுழைவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சஃபாரியில் கூகுள் தேடல் முதலாவதாக இருப்பதற்கு 2022-ல் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களிலேயே வெளிவந்தது.

சரி, எங்கே இடிக்கும்? மெமரி கார்டு போட இடமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் வேறு ஆப் சந்தைகள் வந்துவிட்டன, பெரும்பாலான மற்ற நாடுகளில் ஆப் ஸ்டோர்தான் ஒரே வாசல். வெளி கீபோர்டை 2014-ல் அனுமதித்தார்கள், ஆனால் பாஸ்வேர்ட் அடிக்கிற இடம் வந்தால் அது தானாகவே ஆப்பிளின் கீபோர்டுக்குத் திரும்பிவிடும் (பாதுகாப்புக்காகத்தான், ஆனாலும் தாய்மொழியில் வேறு கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தடுமாற்றம்). ஆப்பைத் திறக்காமலே அதன் தகவலை முகப்புத் திரையில் காட்டுகிற சின்னப் பெட்டி, அதாவது ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட், ஆண்ட்ராய்டில் 2009-லேயே இருந்தது, இங்கே வர 2020 ஆனது. ஐகானை நினைத்த இடத்தில் வைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் சிலருக்குப் பொருட்டே இல்லை, சிலருக்குத் தினமும் உறுத்துகிற முள்.

கண் பார்வை இல்லாதவர்கள் பலர் ஐபோனையே தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற வாய்ஸ்ஓவர் 2009-ல் 3ஜிஎஸ் மாடலிலிருந்தே உள்ளே கட்டப்பட்டு வருகிறது. ஆண்ட்ராய்டின் டாக்பேக்கும் அதே வருடம்தான் வந்தது, இப்போது நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனால் போன் கம்பெனிக்குக் கம்பெனி திரையமைப்பு மாறுவதால் ஒரு போனில் கற்ற வழி அடுத்த போனில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஐபோன் யாருக்கு: ஐந்து ஆறு வருடம் ஒரே போனை ஓட்டுபவர், செட்டிங்ஸுக்குள் போகவே விரும்பாதவர், வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று ஐபோன் இருப்பவர்.

## ஆண்ட்ராய்டு

இங்கே முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐபோன் என்றால் ஒரு கம்பெனியின் போன். ஆண்ட்ராய்டு என்று ஒரு போன் கிடையாது. கூகுள் 2005-ல் வாங்கிய ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து வளர்ந்து, 2008-ல் முதல் போனில் வந்து, இன்று உலகின் பத்து ஸ்மார்ட்போனில் ஏறக்குறைய ஏழில் ஓடுகிறது. அதன் அடிப்படை மூலநிரல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதன்மேல் தன் சட்டையைப் போட்டு விற்கிறது. அதனால் "ஆண்ட்ராய்டு மெதுவாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று திருப்பிக் கேளுங்கள். மலிவான ஒரு ஆண்ட்ராய்டையும் விலை உயர்ந்த ஒரு ஐபோனையும் வைத்துத்தான் பாதிப் பேர் இந்த ஒப்பீட்டையே செய்கிறார்கள். அது நியாயமே இல்லை.

அப்டேட் கதையும் இதனால்தான் சிக்கலாகிறது. கூகுள் எழுதுகிறது, சிப் செய்கிறவர் தன் பகுதியைச் சேர்க்கிறார், போன் கம்பெனி தன் சட்டையைத் தைக்கிறது, அப்புறம்தான் உங்கள் கைக்கு வரும். இந்தச் சங்கிலியை இலகுவாக்கத்தான் 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ல் உள்ளமைப்பையே மாற்றினார்கள். பலன் மெதுவாக வந்தது. கூகுளின் 2023 மாடலான பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் 2024 மாடலான கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள். இந்த விஷயத்தில் ஐபோனோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. ஆனால் கவனியுங்கள், ஒரே கம்பெனியின் மேல்தட்டு மாடலுக்குக் கிடைக்கிற வருடங்கள் கீழ்த்தட்டு மாடலுக்குக் கிடைப்பதில்லை. பெட்டியில் இருக்கிற கம்பெனிப் பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்த மாடலுக்கு எத்தனை வருடம் என்று தேடிப் பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் முன்பு வைத்திருந்த ஒரு ஆண்ட்ராய்டுக்கு இரண்டே வருடத்தில் அப்டேட் நின்றது. திரையில் ஒரு கீறல் இல்லை, பேட்டரியும் சுமாராக நின்றது. நான்காவது வருடம் ஒரு காலையில் அவசரமாகப் பணம் அனுப்பத் திறந்தபோது வங்கி ஆப், இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று சொல்லிவிட்டது. நல்ல போன் ஒன்று அன்றோடு வேலைக்கு உதவாமல் போனது. அதற்குப் பிறகு எந்த போன் பார்த்தாலும் கேமராவுக்கு முன் அந்த வருடக் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் குரோம் போன்றவை பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படும். போனின் பதிப்பு பழையதாக இருந்தாலும் பிரவுசர் சில வருடம் புதிதாகவே இருக்கும். ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு கட்டப்பட்டது, அது நின்றால் இதுவும் நிற்கும்.

சுதந்திரம் என்று வந்தால் ஆண்ட்ராய்டு பக்கம் யாரும் கிட்டே வர முடியாது. ஹோம் ஸ்கிரீனையே முழுதாக வேறு லாஞ்சருக்கு (முகப்புத் திரையை நடத்துகிற ஆப்) மாற்றலாம். கம்ப்யூட்டரில் சொருகி பைல்களை இழுத்துப் போடலாம். பல மாடல்களில் ஒரே போனில் இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கலாம், குழந்தை கையில் கொடுக்கும்போது விருந்தினர் கணக்கைத் திறந்து கொடுத்துவிடலாம் (சில கம்பெனிகள் இதை எடுத்துவிடுகின்றன, வாங்குமுன் பாருங்கள்). அலுவலக ஆப்களைத் தனி அறையாகப் பிரித்து, வேலை முடிந்ததும் அந்த அறையையே அணைத்து வைக்கலாம். ஐபோன் ஒரு ஆளுக்கானது என்ற எண்ணத்திலேயே கட்டப்பட்டது.

இந்தச் சுதந்திரத்துக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவுகிற கோப்பு) ஆப் நிறுவலாம் என்பது தெரிந்தவருக்கு வரம், தெரியாதவருக்குப் பொறி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் கோப்பு அனுப்புவார், நிறுவச் சொல்வார், அணுகல்தன்மை அனுமதி (திரையைப் படிக்கவும் இயக்கவும் ஆப்புக்குக் கொடுக்கிற அனுமதி) கேட்பார். கொடுத்தால் உங்கள் திரையில் ஓடுவது அத்தனையும் அவர் கண்ணுக்கு. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆண்ட்ராய்டு கொடுத்தால், தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி எந்த ஆப்பிலும் திறந்திருக்கவில்லை என்று நீங்களே செட்டிங்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலிவு மாடல்களில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. போனோடு வருகிற, அழிக்கவே முடியாத ஆப்கள் ஒன்று. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்களைக் கம்பெனி மென்பொருள் கொன்றுவிடுவது இன்னொன்று. மருந்து நேரத்தை நினைவூட்டுகிற ஆப்பையே அது நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம், ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டுமே.

ஆண்ட்ராய்டு யாருக்கு: பட்ஜெட் கறாராக இருப்பவர், தன் விருப்பப்படி மாற்றி வைக்கப் பிடிப்பவர், ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் வீடு, நிறைய பைல்களைக் கையாளுபவர்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்க்கிறோம் | ஐபோன் | ஆண்ட்ராய்டு |
|---|---|---|
| அப்டேட் | பெரும்பாலும் ஆறு வருடம், எல்லோருக்கும் ஒரே நாளில் | மாடலைப் பொறுத்து. சிலவற்றுக்கு ஏழு வருடம், சிலவற்றுக்கு இரண்டுதான் |
| விலை வரம்பு | நடுத்தரத்திலிருந்து மேலே | எல்லா விலையிலும் |
| இலவச கிளவுட் இடம் | 5 ஜிபி | 15 ஜிபி, ஜிமெயிலும் சேர்த்து |
| மெமரி கார்டு | இல்லை | சில மாடல்களில் உண்டு |
| பழைய போனின் விலை | மெதுவாகக் குறையும் | பொதுவாக வேகமாகக் குறையும் |

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

ஸ்டோரேஜில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்த இடமுள்ள ஐபோனை வாங்கிவிட்டு, ஒரே வருடத்தில் போட்டோக்களால் நிரம்பி, மாதாமாதம் கிளவுடுக்குப் பணம் கட்டத் தொடங்குவார்கள். கூகுள் போட்டோஸில் வரம்பில்லாமல் இலவசமாகப் போட்டுவைக்கிற வசதியும் 2021 ஜூன் 1-லிருந்து புதிய படங்களுக்குக் கிடையாது, ஆக ஆண்ட்ராய்டிலும் இந்தச் செலவு வரத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக. ஐந்து வருடச் சந்தாவைக் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு படி பெரிய ஸ்டோரேஜ் வாங்குவது மலிவாக இருக்கலாம்.

சார்ஜர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2020-ல் எடுத்துவிட்டது, ஆண்ட்ராய்டிலும் சிலர் பின்தொடர்ந்தார்கள். கேபிள் விஷயத்தில் மட்டும் நிம்மதி, 2023-ன் ஐபோன் 15-லிருந்து ஐபோனிலும் ஆண்ட்ராய்டைப் போலவே யுஎஸ்பி-சிதான்.

கைக்கடிகாரம் ஒரு பெரிய பூட்டு. ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் அமைக்கவே வராது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4-லிருந்து வந்தவை ஐபோனோடு சேராது. போனை மாற்றினால் வாட்சும் மாற வேண்டும் என்பது போன் வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ரிப்பேர்: ஐபோனில் வெளி உதிரிபாகம் போட்டால் அது அசல் பாகமா தெரியவில்லை என்று செட்டிங்ஸில் சொல்லும், மறுவிற்பனையில் விலை குறையும். ஆண்ட்ராய்டில் அதிகம் விற்ற மாடலுக்கு ஸ்கிரீன் சுலபமாகக் கிடைக்கும், அரிய மாடலுக்கு மூன்று வருடம் கழித்து அலைய வேண்டிவரும். எந்தப் பக்கமானாலும், போன் மெதுவாகிவிட்டது என்று புதிது வாங்குமுன் பேட்டரியைச் சோதியுங்கள். பேட்டரி தேய்ந்த பழைய மாடல்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. புது பேட்டரி போட்டதும் அந்த போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின.

## சுற்றி இருப்பவர்கள்

சில நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், ஐபோனைத் தேர்ந்தெடுக்க முதல் காரணமே ஐமெசேஜ்தான், அதாவது ஆப்பிளின் சொந்த செய்திச் சேவை. ஐபோன்காரர்களுக்கு நீலக் குமிழி, மற்றவர்களுக்குப் பச்சை. பச்சைக்காரர் அனுப்பிய வீடியோ மங்கலாகப் போய்ச் சேரும், குழு அரட்டை குழம்பும், பள்ளிப் பிள்ளைகள் இதை வைத்து ஒதுக்குகிற அளவுக்குப் போனது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-ல் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்து வந்த செய்தி முறை) வந்த பிறகு தரம் மேம்பட்டது, நிறம் மட்டும் மாறவில்லை. எல்லோரும் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பேசிக்கொள்கிற இடத்தில் இந்தக் காரணத்துக்கு எடையே இல்லை. உங்கள் வட்டம் எதில் பேசுகிறது என்று மட்டும் பாருங்கள்.

பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அவர் உதவிக்குக் கூப்பிடுகிற மூன்று பேரில் இருவர் ஆண்ட்ராய்டு, எட்டு வருடப் பழக்கம் வேறு. அதனால் ஆண்ட்ராய்டே, ஆனால் ஏழு வருட அப்டேட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினோம். பேத்திக்கு அந்த ஐபோன் போனது.

## மாறுவதென்று முடிவு செய்துவிட்டால்

காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் கூட வராது, பெரும்பாலானவற்றை மறுபடி வாங்க வேண்டும். ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டுகிற சந்தாவை ஐபோன் கையில் இருக்கும்போதே ரத்து செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் அரட்டையை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோகும் வசதி 2022-ல் வந்தது, ஆனால் புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு அமைத்து முடித்துவிட்டால், போனை அழித்து மறுபடி தொடங்க வேண்டியதாகிவிடும். கூகுள் டிரைவில் இருக்கும் பேக்கப்பை ஐபோனால் படிக்க முடியாது. ஐபோனிலிருந்து வெளியேறுபவர்கள் சிம்மைக் கழற்றுமுன் ஐமெசேஜை அணைத்துவிட வேண்டும். மறந்தால் ஐபோன் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் புது போனுக்கு வராமல் போகலாம், அனுப்பியவருக்கும் அது தெரியாது.

எல்லாவற்றையும்விட, ஒருமுறைக் குறியீடு தருகிற ஆதென்டிகேட்டர் ஆப்பைப் புது போனுக்கு மாற்றி, அதை வைத்து மின்னஞ்சலிலும் வங்கியிலும் ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். அதுவரை பழைய போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். நான் ஒரு மாதம் முழுக்கச் சார்ஜ் போட்டு மேசை டிராயரில் வைத்திருப்பேன். மூன்றாவது வாரத்தில்தான், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற ஒரு கணக்கின் குறியீடு அதில் இருப்பது நினைவுக்கு வரும்.